முதல் வேலைக்கு வரும் பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை

ஒவ்வொரு வருஷமும் ஜூன், ஜூலை தாண்டியதும் கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, திருபுவனை பக்கத்துக் கம்பெனிகளிலும் புது முகங்கள் வந்து சேரும். டிப்ளமோ முடித்தவர்கள், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவர்கள், பி.இ. முடித்துச் சென்னையில் கொஞ்ச நாள் அலைந்துவிட்டு ஊர்ப்பக்கமே வந்துவிட்டவர்கள். இவர்கள் சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் டீ நேரத்தில் ஒரு புலம்பல் கிளம்பிவிடும்: "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே கிடையாது. சொன்னா தலையாட்டுறான், செய்யச் சொன்னா முழிக்கிறான்." நானும் பல வருஷமாகப் புதுப் பிள்ளைகளோடுதான் வேலை பார்க்கிறேன், இந்தப் புலம்பலை என்னால் ஏற்க முடியவில்லை. புதிதாக வருபவரிடம் அறிவும் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. "இது எனக்குத் தெரியாது" என்று மேலதிகாரி முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிச்சல் மட்டும் இல்லை. அதை வரவழைப்பதுதான் முதல் வருஷத்தில் மேலதிகாரிக்கு இருக்கும் முக்கியமான வேலை, மற்ற பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது என் கருத்து.

அந்தத் துணிச்சல் ஏன் இல்லாமல் போகிறது? பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் அறிவுரையை நினைத்துப் பாருங்கள். "தெரியலைன்னாலும் எதையாவது எழுதிட்டு வா, பேப்பரை வெறுமனே கொடுக்காதே." தேர்வுக்கு அது நல்ல அறிவுரைதான், கேள்வி நம்பரை மட்டும் எழுதினால்கூட ஒரு மார்க் கிடைக்கலாம். பன்னிரண்டு வருஷம் பள்ளியில், அப்புறம் மூன்று நான்கு வருஷம் கல்லூரியில், காலியிடத்தை நிரப்பினால் பரிசு, காலியாக விட்டால் தண்டனை என்று பழகிய கை, ஆலைக்குள் வந்ததும் திடீரென்று மாறிவிடுமா? ஆலையிலோ, ஆஸ்பத்திரி லேபிலோ, ஆடிட்டர் ஆபீசிலோ காலியாக விட்ட கட்டத்தைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். ஊகத்தில் நிரப்பிய கட்டம்தான் எல்லாரையும் கொண்டுபோய்க் குழியில் தள்ளும்.

இன்னொரு காரணம் வீடு. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் கூலிக்குப் போகும் அம்மா, தாழங்குடாவில் படகில் போகும் அப்பா, நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும் குடும்பம் என்று எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி இந்தப் பிள்ளைதான். நிலக்கரி நிறுவன ஊழியர்கள் குடியிருக்கும் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த பிள்ளைக்கு இன்கிரிமென்ட், மெமோ, ஷிப்ட் அலவன்ஸ், லீவ் லெட்டர் எல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே காதில் விழுந்திருக்கும். மற்ற பிள்ளைக்கு அதையெல்லாம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. "இன்சார்ஜுக்கு போன் பண்ணி லீவு சொல்லலாமா, கோவிச்சுக்குவாரா?" என்பதுகூட அவருக்குப் பெரிய கேள்வி. ஆபீசில் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்கள் என்ற பயம் வேறு. இங்கிலீஷ் மெயில் என்றால் பயம் இரண்டு மடங்கு. இப்படிப்பட்டவரை நிறுத்தி வைத்து "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்பதைத் தவிர வேறென்ன பதில் வரும்?

நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மணிக்கொரு தரம் கூலிங் வாட்டர் வெப்பநிலையைப் பார்த்து லாக் ஷீட்டில் எழுத வேண்டிய நைட் ஷிப்ட். டயல் கேஜில் கோடுகள் இரண்டிரண்டு டிகிரிக்கு ஒன்று. காலையில் ஷீட்டைப் பார்த்த ஷிப்ட் இன்சார்ஜ் ஒரு எண்ணில் நின்றுவிட்டார். இரண்டு மணிக்கு 30, நான்கு மணிக்கு 32, நடுவில் மூன்று மணிக்கு 31.5. அந்த கேஜில் அரை டிகிரியைக் கண்ணால் படிக்கவே முடியாது. பையன் மூன்று மணிக்கு அங்கே போகவில்லை, முன்னும் பின்னும் பார்த்துக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறான் என்பது தெளிவு. மெமோ கொடுத்து விஷயத்தை முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை, அவனை உட்கார வைத்து, "மூணு மணிக்கு எங்கப்பா இருந்தே?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னான். சீனியர் ஆபரேட்டர் ஒருவர் சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோகச் சொன்னார், லேபில் இருந்தவர் ரிசல்ட் வரும்வரை நில் என்றார், திரும்பி வரும்போது எலெக்ட்ரீஷியன் டார்ச் பிடிக்கக் கூப்பிட்டார். யாரிடமும் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, ஷீட்டில் ஒரு கட்டத்தைக் காலியாக விடவும் மனம் வரவில்லை.

இன்சார்ஜ் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, ஷீட்டில் அந்த எண்ணை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'ரீடிங் எடுக்கவில்லை' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் நேரமும் போட வைத்தார். மருந்துக் கம்பெனிகளில் பதிவைத் திருத்தும் முறையே இதுதான், பழைய எண் தெரிய வேண்டும், யார் எப்போது மாற்றினார்கள் என்பதும் தெரிய வேண்டும். தப்பை மறைக்காமல் திருத்துவதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதை அந்தப் பையன் முதன்முதலாக அங்கேதான் பார்த்தான். இரண்டாவது, அன்றைக்கே எல்லா ஷிப்ட்டுக்கும் சொல்லிவிட்டார்: டிரெயினிக்கு வேலை சொல்வது அந்த ஷிப்ட்டில் ஒரே ஆள், மற்றவர்களுக்கு அவன் வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். புதிதாக வந்தவனுக்குப் பார்க்கிறவர் எல்லாம் மேலதிகாரி என்பது நம் ஊர் ஆலைகளில் ஊறிப்போன வழக்கம். டீ வாங்கி வரச் சொல்வதில் ஆரம்பித்து ஜெராக்ஸ் எடுப்பது வரை எல்லாம் அவன் தலையில்தான் விழும். முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

சரி, வேலையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? இதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது, இன்றைக்கும் அதைவிட எளிதான ஒன்றை நான் பார்க்கவில்லை. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவம் உள்ள ஆட்கள் படைக்குப் போய்விட, ஆலை வாசலையே மிதிக்காதவர்களை வைத்து உற்பத்தியை நடத்த வேண்டி வந்தது. அதற்காக 1940 முதல் 1945 வரை நடந்த அரசுத் திட்டம் ஒன்று, மேற்பார்வையாளர்களுக்கு நான்கு படிகளைப் பழக்கியது. ஆளைப் பதற்றமில்லாமல் தயார்படுத்து, வேலையைச் செய்து காட்டு, அவரையே செய்ய வை, பிறகு தொடர்ந்து போய்ப் பார். போருக்குப் பின் இது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டாவின் பயிற்சி முறைக்குள்ளும் கலந்தது. கற்றுக்கொள்பவர் கற்கவில்லை என்றால் கற்றுக்கொடுத்தவர் கற்றுக்கொடுக்கவில்லை என்பது அந்தத் திட்டத்தின் வாசகம்.

நம் ஆட்கள் விட்டுவிடுவது மூன்றாவது படியை. செய்து காட்டிவிட்டு, "அவ்வளவுதான், ஈசி" என்று போய்விடுகிறோம். அந்த முறையிலோ கற்றுக்கொள்பவர் கையால் செய்துகொண்டே, இதை ஏன் இப்படிச் செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் தடுமாறும் இடம்தான் அவருக்குப் புரியாத இடம், அதை நாம் கேட்காமலே அவரே காட்டிவிடுகிறார். "புரிஞ்சுதா?" என்ற கேள்வியையே தூக்கிப் போட்டுவிட்டு, "தம்பி, எனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்க, நீ எனக்குச் சொல்லிக்கொடு பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். லேபில் டைட்ரேஷன் செய்யும் பெண் பிள்ளை, ப்யூரெட் என்ற அளவுக் குழாயில் வாசிப்பை எடுக்கும்போது கண்ணை எந்த மட்டத்தில் வைக்க வேண்டும் என்பதைப் பாடமாகச் சரியாக ஒப்பிப்பாள். கை செய்வதைப் பார்த்தால் நின்றபடி மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கூட நின்று பார்த்தால் ஒழிய இது தெரியாது.

எந்த வேலையை முதலில் கொடுப்பது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். ஜீன் லேவ் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1970களில் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையற்காரர்களிடம் வேலை பழகும் பிள்ளைகளைப் பார்த்து ஆராய்ந்தார். அங்கே துணி வெட்டுவதை முதலில் சொல்லித் தருவதில்லை. பட்டன் தைப்பது, ஓரம் அடிப்பது என்று முடிக்கும் வேலையில் ஆரம்பித்து, பிறகு தையல், கடைசியில்தான் வெட்டுவது. ஒரு சட்டை உருவாகும் வரிசைக்கு நேர் தலைகீழ். காரணம் தெளிவு. பட்டன் கோணலானால் பிரித்துத் தைக்கலாம், துணியைத் தப்பாக வெட்டினால் போனது போனதுதான். அதோடு, முடிந்த சட்டையைக் கையில் வைத்துப் பழகும் பையனுக்கு எந்தத் துண்டு எங்கே போய்ச் சேருகிறது என்பது தானாகவே மனசில் பதியும். இதை நம் இடத்துக்குக் கொண்டுவந்தால், ரசாயன ஆலையில் புது ஆளை ரியாக்டரில் சரக்குப் போடும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. பேக்கிங், லேபிள், பேட்ச் நம்பர் சரிபார்ப்பு என்று கடைசி முனையில் ஆரம்பித்துப் பின்னோக்கி வரலாம். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்வதில் தொடங்காமல், ஏற்கெனவே தாக்கல் ஆன ஒரு கணக்கை வவுச்சரோடு ஒத்துப் பார்க்கச் சொல்லலாம். சாஃப்ட்வேர் கம்பெனியில் யாரோ சரிசெய்த பிழையைச் சோதித்துப் பார்ப்பது. எல்லாவற்றிலும் கணக்கு ஒன்றுதான்: தப்பு நடந்தால் எவ்வளவு செலவு என்று பார்த்து, செலவு குறைந்த இடத்திலிருந்து மேலே ஏற்ற வேண்டும். இன்றைக்கும் பல இடங்களில் நடப்பது வேறு. ஆள் பற்றாக்குறை எங்கே இருக்கிறதோ அங்கே புது ஆள் போகிறார், ஆட்கள் நிலைக்காமல் ஓடிவிடும் இடம் பெரும்பாலும் கஷ்டமான, ஆபத்தான இடமாகத்தான் இருக்கும். இது தப்பு, இதை மென்மையாகச் சொல்லத் தோன்றவில்லை.

தப்பைச் சுட்டிக்காட்டுவது பற்றியும் ஆராய்ச்சி இருக்கிறது. க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். செய்த வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வது சராசரியாகப் பலன் தருகிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் வேலை முன்பைவிட மோசமாகிறது என்று கண்டார்கள். கவனம் வேலையை விட்டு ஆளின் மேல் போகும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று சொன்னால் கேட்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் இறங்கிவிடுவார், வால்வு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது காதில் ஏறாது. "மூணாவது ஸ்டெப்ல வால்வை முழுசா மூடலை, அதனால லெவல் ஏறிடுச்சு" என்றால் ஏறும். பாராட்டுக்கும் இது பொருந்தும். 'சூப்பர்டா' என்பதைவிட, எது நன்றாக இருந்தது என்று பெயர் சொல்லிச் சொன்னால் நாளைக்கும் அதையே செய்வார்.

எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தப்புகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தப்பு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கில் வந்ததோ நேர்மாறு, நல்ல குழுக்களில்தான் பதிவான தப்புகள் அதிகம். அங்கே தப்பை வெளியே சொல்ல யாரும் பயப்படவில்லை, மற்ற இடங்களில் அமுக்கிவிட்டார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாடு, பச்சையாங்குப்பம், ஈச்சங்காடு பக்கம் ஆலைக்கு வெளியேயும் ஜனங்கள் குடியிருக்கும் ஒரு ஊரில், ஆலைக்குள் அமுக்கப்பட்ட ஒரு சின்னத் தப்பு எதுவரை போகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. "என் ஷிப்ட்டில் டிரெயினிங்க தப்பே பண்றதில்லை" என்று ஒரு இன்சார்ஜ் பெருமைப்பட்டால் எனக்குக் கவலைதான் வரும்.

மேலதிகாரியே வழிகாட்டியாகவும் இருக்கலாமா என்று கேட்பார்கள். முழுமையாக முடியாது. மார்க் போடுபவரிடம் யாரும் மனம் திறந்து பேச மாட்டார்கள். அதனால் இரண்டு மூன்று வருஷம் முன்னால் சேர்ந்த ஒருவரைத் தனியாகக் கைகாட்டிவிடுவது நல்லது. அவர் 'சார்' ஆக இருக்கக் கூடாது, 'அண்ணா'வாகவோ 'அக்கா'வாகவோ இருக்க வேண்டும். அந்த அண்ணனோ அக்காவோ கேட்டதை மேலதிகாரியிடம் போய்ச் சொல்லக் கூடாது, உயிருக்கு ஆபத்தான விஷயம் தவிர. அவர்களுக்கும் அதற்கென்று வேலை நேரத்தில் இடம் ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் இது பேப்பரில் மட்டும் இருக்கும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வேலைக்கான ஆர்டரில் மாதம் 19,785 ரூபாய் என்று போட்டிருக்கும். பிள்ளை வீட்டில் இருபதாயிரம் சம்பளம் என்று சொல்லியிருக்கும், அம்மா அதை வைத்துச் சீட்டு கட்டத் திட்டம் போட்டிருப்பார். பேங்கில் ஏறுவது 16,665. ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். கணக்கு இதுதான். மொத்தச் சம்பளம் 18,000, அதில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்.புக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது 1,200 பிடிப்பார்கள். மாதம் 21,000 வரை வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு, அதற்கு 18,000-ல் 0.75 சதவீதம், 135 ரூபாய். மீதி 16,665. கம்பெனி தன் பங்காக 1,200 பி.எஃப்.பும், 3.25 சதவீதமான 585 ரூபாய் இ.எஸ்.ஐ.யும் கட்டுகிறது, அதையும் சேர்த்துத்தான் ஆர்டரில் 19,785. தமிழ்நாட்டில் வருமானத்தைப் பொறுத்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குத் தொழில் வரியும் போகும். இதைச் சேரும் நாளன்றே ஒரு பேப்பரில் எழுதிக் காட்ட ஹெச்.ஆருக்குப் பத்து நிமிஷம் போதும். இ.எஸ்.ஐ. வெறும் பிடித்தம் இல்லை, சேர்ந்த நாளிலிருந்தே வைத்தியம் உண்டு, புதுச்சேரியில் கோரிமேட்டில் ஆஸ்பத்திரியே இருக்கிறது, பதிவு செய்துவிட்டால் பிள்ளையை நம்பியிருக்கும் அப்பா அம்மாவும் அதில் சேரலாம் என்றெல்லாம் சொன்னால், அந்த 135 ரூபாயைப் பற்றி யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

அப்ரென்டிஸாக வருபவர்களுக்கு இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நெய்வேலியிலும் சுற்றுவட்டாரத்திலும் நிறைய பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். 1961-ஆம் வருஷத்து அப்ரென்டிஸ் சட்டப்படி அவர்கள் பயிற்சி பெறுபவர்கள், தொழிலாளர்கள் இல்லை. வாங்குவது உதவித்தொகை, அதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. பயிற்சிக் காலம் முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அது நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. இது தெரியாமல், "பையனுக்கு பெரிய கம்பெனியில பர்மனென்ட் ஆயிடுச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கடைசி மாதத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாது. முதல் வாரத்திலேயே உண்மையைச் சொல்வது கடுமை ஆகாது, அவர் அடுத்த வேலைக்கு நேரத்தோடு தயாராக அதுதான் உதவி.

அப்புறம் பஸ். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கும் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கும் தினமும் எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டிப் போய்வருபவர்கள் எவ்வளவு பேர். கார்த்திகை மழையில் இந்தப் பக்கம் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும், 2024-ல் ஃபெஞ்சல் புயலும் அதன் பின்னால் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்ததும் மறந்திருக்காது. தண்ணீர் சூழ்ந்த ஊரில் இருக்கும் புது ஆள், போன் பண்ணத் தயங்கியே வராமல் இருந்துவிட்டு, மறுநாள் திட்டு வாங்குவார். "மழைன்னா யாருக்கு, எத்தனை மணிக்குள்ள மெசேஜ் போடணும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்சினை அதோடு முடிந்தது. பெண் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்ல வேண்டிய இன்னொன்று: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் வருஷத்துச் சட்டம். டிரெயினி, அப்ரென்டிஸ், ப்ரொபேஷனில் இருப்பவர் எல்லாருமே அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவார்கள். "நான் இன்னும் பர்மனென்ட் ஆகலையே, நான் எப்படிப் புகார் சொல்றது" என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுபவர்கள் அதிகம், அதனால் குழுவில் இருப்பவர்களின் பெயரும் போன் நம்பரும் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, போகிறவர்கள். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷத்தில் பாதிப் பேர் சென்னைக்கோ ஒசூருக்கோ ஹைதராபாத்துக்கோ போய்விடுவார்கள், அதைத் தடுக்கச் சில இடங்களில் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள், ரிலீவிங் லெட்டரை இழுத்தடிக்கிறார்கள். முதல் வேலையில் இருக்கும் பிள்ளைக்கு எதிர்த்துக் கேட்கத் தெரியாது என்பதை வைத்து நடத்தும் அநியாயம் இது, கொஞ்ச நாளில் வெளியேயும் தெரிந்துவிடும். இங்கே ஊர் சின்னது. அடுத்த பேட்ச் பிள்ளைகள் கல்லூரியில் இருக்கும்போதே, எந்த கேட்டுக்குள் போகலாம், எதற்குள் போகக் கூடாது என்று சீனியர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். போகிறேன் என்று வந்து நிற்பவரிடம் நோட்டீஸ் நாட்களை எண்ணிச் சொல்லி, கையில் இருக்கும் வேலையை அடுத்த டிரெயினிக்கு அவரே செய்து காட்டி ஒப்படைக்கச் சொல்லி, பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பர் கம்பெனி மாறினாலும் மாறாது, புது இடத்தில் அதையே கொடுத்தால் போதும் என்றும் சொல்லி, கடைசி நாள் சாயங்காலமே லெட்டரைக் கையில் கொடுத்து அனுப்பலாம்.